முப்பது கிராமு

இந்த ரகமத்து எதுக்கு என்னையவே பாக்குறா. பக்கத்துச் சேருதான். அவ நெஞ்சுல அவ மகன், என் நெஞ்சுல என் மக, ரெண்டு பேரும் பிள்ளைகளத் துணிபோட்டு ஒடம்போட ஒடம்பாக் கட்டிக்கிட்டுச் சாஞ்சு கெடக்கோம். கொறமாசத்துல பெத்தவளுகளுக்குன்னு பெரியாஸ்பத்திரியில இப்படி ஒரு வார்டு, கங்காரு வார்டுன்னு பேரு. செவுத்துல ஒரு கங்காரு படம் ஒட்டியிருக்கு, வயித்துப் பையில குட்டிய வச்சுக்கிட்டு ஈன்னு இளிக்குது. அது இளிக்கலாம், அதோட குட்டிய யாரும் காலையில ஏழு மணிக்கு வந்து எடை போடுறதில்ல. ஒம்பது நாளா அந்தப் படத்தப் பாத்து அலுத்துப்போயி மனுச மூஞ்சியப் பாப்போம்னு பாக்குறாளோ. இல்ல. மூஞ்சியப் பாக்கல, கையப் பாக்குறா. கையத் துணிக்குள்ள விட்டுக்கிட்டேன், இப்ப துணியப் பாக்குறா. காலையில எடை போடுறப்ப இவ எங்க நின்னா? எனக்கு அடுத்து. அடுத்துன்னா பின்னாடியா, பக்கத்துலயா. பின்னாடின்னா என் முதுகுதான் தெரிஞ்சிருக்கும், என் முதுகு பின்னாடி ஒரு லாரியவே மறைக்கலாம், பயமில்ல. பக்கத்துலன்னா, அதும் எடது பக்கம்னா, என் சுண்டுவெரலு தெரிஞ்சிருக்கும். பிள்ளையத் தராசுத் தொட்டியில போட்டுட்டு, மூக்குல போற பால்குழாயக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கம்மா, அது தொங்குனா எடை தப்பா வரும்னு ஜெசிந்தா சிஸ்டருதான் சொன்னாங்க. பிடிச்சேன். கையில அஞ்சு வெரலு இருக்கு. நாலு வெரலு குழாயப் பிடிச்சுச்சு, அஞ்சாவது சும்மா இருக்கமாட்டாம தொட்டி ஓரத்துல போயி ஒக்காந்துருச்சு. ஒக்காந்ததோட இல்லாம ஒரு அமுக்கு. பூவத் தொடுற மாதிரி ஒரு அமுக்கு. பச்சை நம்பரு முன்னயும் பின்னயும் ஓடி நின்னுச்சு, ஆயிரத்து நானூத்தி எழுவது. நேத்து நாப்பது. முப்பது கிராமு ஏறியிருக்கு சுருளி, சபாஷுன்னு சிஸ்டரு சார்ட்டுல எழுதுனாங்க. நானும் சிரிச்சேன். எம்புட்டுச் சிரிச்சேன்னா கங்காரு தோத்துப்போச்சு.

நான் வேணும்னு செய்யல. பழக்கதோசம். இத யார்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன், எனக்கு நானேவா, எனக்கு நானே சொல்றதையும் நான் நம்புறதில்ல. பன்னெண்டு வருசமாச் சந்தையில கருவாடு விக்கிறவ நான். சீலா, வாளை, நெத்திலி, காரப்பொடின்னு கூடை கூடையா முன்னாடி குவிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்தா, வாற பொம்பளைக வாயப் பாப்பாளுகளா தராசப் பாப்பாளுகளா, வாயத்தான் பாப்பாளுக, அதுக்குத்தான வாயே. அக்கா ஒங்க மருமக நல்லாச் சோறு போடுறாளா, இல்ல கருவாட்டுக் கொழம்ப அவளே ஊத்திக்கிறாளான்னு ஒன்ன எடுத்து விட்டா, அவ சிரிச்சுக்கிட்டே மருமகளத் திட்ட ஆரம்பிப்பா, அந்த நேரத்துல சுண்டுவெரலு அது பாட்டுக்கு அதோட வேலையப் பாக்கும். அதுக்கு நான் உத்தரவு குடுக்க வேண்டியதில்ல. கைத்தராசு போயி எலக்ட்ரிக் தராசு வந்தப்ப ஊரே சொன்னுச்சு, இனிமே சுருளி வெரலுக்கு வேலையில்லன்னு. நாலு நாளு. நாலே நாளுல அது எங்க தொட்டா எம்புட்டு ஏறும்னு வெரலு படிச்சிருச்சு, நான் பள்ளிக்கூடத்துல மூனாவதோட நின்னவ, வெரலு காலேசு வரைக்கும் போயிருச்சு. அதனால இந்த ஆஸ்பத்திரித் தராச மொதநாளே நான் நம்பல. துணிய விரிச்சு, பொத்தான அமுக்கி, சைபருன்னு காட்டுது பாருங்கம்மான்னாங்க சிஸ்டரு. சைபரு எனக்குத் தெரியாதா, சைபருலதான் எல்லாம் இருக்கு. அடியில ஒரு காலு ஆடுது அந்தத் தராசுக்கு, மூனு நாளா நான் பாக்குறேன், பஞ்ச மடிச்சு முட்டுக் குடுத்திருக்காக. ஒருவேள எம்மக நெசமாவே ஏறியிருக்கா, காலு ஆடுறதுனாலதான் மூனு நாளா நாப்பது நாப்பதுன்னே நிக்குது, என் வெரலு நாயத்தத்தான் செஞ்சிருக்கு, கொறஞ்சதக் கூட்டி நேராக்கியிருக்கு. ஆங். அப்படித்தான். இந்த மாதிரி வாதத்தச் சந்தையில எங்கிட்ட எவளாச்சும் பேசியிருந்தா, வாய மூடிக்கிட்டுப் போடின்னு சொல்லியிருப்பேன்.

நேத்து அந்தக் குட்டி டாக்டரம்மா மட்டும் அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா. வயசு இருவத்தஞ்சு கூட இருக்காது, ரெட்டச் சடை போட்டா பள்ளிக்கூடத்துல சேத்துக்கிருவாக, அது வந்து சார்ட்டப் பாத்துட்டு ஒதட்டப் பிதுக்குச்சு. மூனு நாளா ஏறலையே, நாளைக்கும் ஏறலன்னா உள்ள எடுத்து வச்சுப் பாப்போம், ரத்தம் எடுத்து கிருமி ஏதும் இருக்கான்னு பாக்கணும்னுச்சு. உள்ளன்னா அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள. மிஷினு வார்டு. அங்கதான் பெத்த மொதப் பதிமூனு நாளு வச்சிருந்தாக, நான் கதவுக்கு வெளிய நின்னு பெட்டி நம்பரத்தான் பாத்தேன், ஒருநாளு ஒரு நிமிசம் தவிரப் பிள்ளையப் பாக்கல. ஏழு, ஏழுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், ஒருநாளு துடைக்கிறவக நம்பர் அட்டையக் கழட்டி வச்சுட்டுத் துடைச்சாக, எனக்கு ஈரக்கொலையே நின்னுபோச்சு. உள்ள போனது திரும்பி வரும்னு என்ன சத்தியம்? இப்ப ரகமத்து சாஞ்சிருக்காளே, அந்தச் சேருல அவளுக்கு முந்தி முத்துராக்குன்னு ஒருத்தி இருந்தா, போடிப் பக்கம். வியாழக்கிழம அவ மகன ஒருநாளைக்குத்தாம்மான்னு உள்ள தூக்கிட்டுப் போனாக. சனிக்கிழம சேரு காலி. எங்கன்னு கேட்டேன். மதுரைக்கு அனுப்பியிருக்குன்னாக. மதுரைக்குப் போறவ தூக்குவாளிய விட்டுட்டா போவா? கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு, அரைவாளி ரசம் ஊசிப்போயி. எனக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்ல, ரசம் சொல்லிருச்சு. அதனால ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு, எம்மக உள்ள போகக்கூடாது, என் நெஞ்ச விட்டு எறங்கக்கூடாதுன்னு ஒரே நெனப்பு. காலையில நான் குழாயத்தான் பிடிச்சேன். வெரலு மிச்சத்த முடிச்சிருச்சு.

விடுதா. விடுது. மூச்சு விடுது. என் நெஞ்சுக்குழியில சின்னதா ஒரு சூடு வந்து போகுது, நெத்திலி தலை அளவு மூக்கு, அதுலருந்து வாற காத்து என்ன புயலாவா இருக்கும். நெத்திலி. அப்படித்தான் கூப்பிடுறேன், பேரு வைக்கக்கூடாது, எடை ரெண்டு கிலோ வரட்டும்னு இருக்கேன், கேட்டா சிஸ்டருமாரு திட்டுறாக, பேரு வைம்மா, பேரச் சொல்லிப் பேசும்மான்னு. பேரு வச்சுட்டா அப்புறம் பேரு எங்கிட்டயே தங்கிப்போகும் பாருங்க, பிள்ளை இல்லாம. அதச் சொல்ல முடியுமா. நெத்திலின்னா சந்தேகமில்ல, நெத்திலி எப்பவும் நெறைய இருக்கும். பெத்தன்னைக்கு ஆயிரத்து நூத்தி எம்பது. ஏழு மாசம் முடிஞ்சு ஒரு வாரம், சந்தையில ஒக்காந்திருந்தவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ரத்தக்கொதிப்பாம், ஆட்டோவுல போட்டுத் தூக்கிட்டு வந்து வயித்தக் கிழிச்சு எடுத்துட்டாக. கண்ணு முழிச்சதும் எங்க வீட்டுக்காரரு மாயன் சொன்னாரு, பொம்பளப் பிள்ளை, ஒன்னைய மாதிரியே இருக்குன்னு. பொய்யி. அந்தாளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னா காது செவக்கும், செவந்துச்சு. அஞ்சாவது நாளு உள்ள விட்டு ஒரே ஒரு நிமிசம் காட்டுனாக. கண்ணு கட்டியிருந்துச்சு, நீல வெளிச்சத்துல கெடந்துச்சு, தோலு வெங்காயச் சருகு. எனக்கு ஒன்னும் வரல. அழுக வரல, பால் வரல, பாசமும் வரல. இது என்னதான்னு யாரு சொன்னா, கால்ல கட்டுன பிளாஸ்டருல சுருளியம்மான்னு எழுதியிருக்கு, எழுதுறதுக்கு என்ன, நான் கூட வாளையக் காட்டி சீலான்னு சொல்லி வித்திருக்கேன். பதினாலாவது நாளு இங்க கொண்டாந்து, நைட்டிய முன்னாடி தொறந்து வையிம்மான்னு சொல்லி, தொப்பியும் காலுறையும் ஒரு துணியும் மட்டும் போட்டு அதத் தூக்கி என் தோலு மேல வச்சாக. தவக்களை மாதிரி காலு ரெண்டும் பரப்பிக்கிட்டு ஒட்டிக்கிச்சு. அப்ப எனக்கு வந்த மொத நெனப்பு, அய்யோ என் மேல கருவாட்டு வாடை அடிக்குமே. மூனு தடவ சோப்பு போட்டேன் அன்னைக்கு, இருந்தாலும் பன்னெண்டு வருச வாடை, அது சோப்புக்கு அடங்குமா. பக்கத்துல யாராச்சும் மூக்கச் சுளிக்கிறாளுகளான்னு நோட்டம் விட்டேன். யாரும் சுளிக்கல. இது சுளிச்சுச்சு. மூக்கச் சுளிச்சு, மோந்து, மோந்து, மூஞ்சியத் தேச்சுத் தேச்சு நகண்டு வந்து, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு எடத்தக் கண்டுபிடிச்சு, அங்க வாய வச்சு ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாரு. ஆயிரத்து இரநூறு கிராமுக்கு அம்புட்டுப் பெரிய பெருமூச்சு. எந்த எடத்துல வாடை அதிகமோ அந்த எடம். ஏழு மாசம் உள்ள இருந்து இதத்தான மோந்துக்கிட்டு இருந்திருப்ப, சரி, நீ என்னதுதான், பிளாஸ்டரு வேணாம். அன்னைக்குத்தான் பால் இறங்குச்சு. நைட்டி நனைஞ்சு, துணி நனைஞ்சு, பிள்ளை தொப்பியே நனைஞ்சுபோச்சு, ஜெசிந்தா சிஸ்டரு வந்து, ஏம்மா மழையான்னு கேட்டாங்க. அந்தம்மாவுக்கும் வாய் உண்டு. வாய் உள்ளவகள நான் நம்புறதில்ல, வாய் எங்க இருக்கோ அங்க வேற ஏதோ ஒன்னு மறைவா நடக்குதுன்னு எனக்குத் தெரியும்.

அந்த சிஸ்டருக்குத் தெரிஞ்சிருக்குமோ. சபாஷுன்னு சொன்னப்ப கண்ணு எங்கிட்டுப் பாத்துச்சு, நம்பரயா என்னையவா. முப்பதுன்னு எழுதுறதுக்கு முந்தி பேனா ஒரு நிமிசம் நின்னுச்சு. நின்னுச்சா, இல்ல மை வரலையா. ஒதறுனாங்க, ஆமா, பேனாவ ஒதறுனாங்க. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாங்களா. விட்டுப் பிடிக்கிறாங்களோ என்னமோ, நானும் சந்தையில அப்படித்தான், திருடுறவள ஒடனே பிடிக்கமாட்டேன், கைநிறைய அள்ளட்டும்னு விடுவேன். எட்டரைக்கு டாக்டரம்மா வந்துச்சு, சார்ட்டப் பாத்துச்சு, மொகமெல்லாம் பல்லு. முப்பது ஏறிருச்சே, அப்ப உள்ள வேணாம், ரத்தமும் வேணாம், குழாய எடுத்துருவோம், இனிமே முழுக்கப் பாலாடையிலயே குடுங்கன்னுச்சு. நான் கேட்டது உள்ள அனுப்பவேணாம்னுதான். குழாய எடுன்னு நான் கேக்கலையே. ஒரு பொய்யச் சொன்னா அது சொன்ன எடத்துல நிக்கும்னு நெனச்சேன், அது எந்திரிச்சு நடக்குது. சரசரன்னு பிளாஸ்டரப் பிச்சு, குழாய உருவி, குப்பையில போட்டாக. அத நான் பாத்துக்கிட்டே நின்னேன். ஊருக்கே பேசுற வாயி, அப்ப எங்க போச்சு. பத்து மணிக்குப் பதினெட்டு மில்லி, மூக்கு வச்ச பாலாடையில ஊத்தி, ஒதட்டோரமா வச்சுச் சாச்சேன். நாலு வாய் குடிச்சா. அஞ்சாவது வாயில தூங்கிட்டா. உள்ளங்கால்ல சொரண்டுனேன், முழிச்சா, ரெண்டு வாய், மறுபடியும் தூக்கம். கடைவாயில வழிஞ்சு கழுத்து மடிப்புல போச்சு பாதி. நாப்பது நிமிசம். குடிச்சு முடிச்சப்ப நெத்தியில வேர்வை. இம்புட்டூண்டு நெத்தியில கடுகு கடுகா வேர்வை. பால் குடிக்கிறதுக்கு எவளாச்சும் மூட்டை தூக்குனவ மாதிரி வேர்ப்பாளா. பக்கத்துல இவ, ரகமத்து, அவ மகனுக்கு இன்னும் குழாயிலதான் போகுது, என்னையப் பாத்துக் கேட்டா. ஒங்க பிள்ளை மட்டும் ஒரே நாளுல முப்பது ஏறிருச்சே, எப்படிக்கா. அதுல அந்த எப்படி இருக்கு பாரு, அது நல்ல எப்படியா, வேற எப்படியா. நான் வாயில வந்தத அடிச்சு விட்டேன், பால்சுறாக் கருவாட்டுப் புட்டு, பூண்டு நெறையப் போட்டு, மூனு நாளு தின்னேன்னு. அவ ஒடனே போனப் போட்டு அவுக அம்மாகிட்ட, சுறாக் கருவாடு வாங்கிட்டு வாம்மான்னு சொல்லிட்டா. அவுகம்மா இந்நேரம் பஸ்ஸு ஏறியிருக்கும். கருவாட்டுக்காரி நானே கருவாடு விக்காம வித்துட்டேன். அவ பாக்குறதுக்கு அதுதான் காரணமோ. சந்தேகமே இல்லையோ அவளுக்கு. வெறும் ஆசையோ. அப்படியிருந்தா அது அதவிட மோசம்.

மாயனுக்குப் போன் போட்டுச் சொல்லிப்புட்டா என்ன. யோவ், நான் இப்படி அமுக்கிட்டேன்யான்னு. அந்தாளு டெம்போவ ஓரங்கட்டிட்டு, அதனால என்ன சுருளி, நாளைக்கு ஏறிரும்ல அப்படிம்பாரு. எல்லாத்துக்கும் நாளைக்கு. நாளைக்கு வெரல எடுத்தா நம்பரு விழுகும், அப்ப ஏன் விழுந்துச்சும்பாக, அதனால நாளைக்கும் அமுக்கணும், இன்னங்கொஞ்சம் கூட அமுக்கணும், அதுக்கு மறுநாளு அதவிட. எம்மக ஆயிரத்து நானூறுலயே நிப்பா, சார்ட்டுல மட்டும் கொழுகொழுன்னு ஒருத்தி வளருவா, ரெண்டு கிலோ ஆச்சுன்னு கைதட்டி அந்தச் சார்ட்டுப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்புவாக, எந்தப் பிள்ளையத் தூக்கிட்டு நான் போவேன். கிருமி இருந்தா? மூனு நாளா நாப்பதுலயே நின்னதுக்குக் காரணம் தராசுக் காலு இல்லாம கிருமியா இருந்தா? அது இப்ப உள்ள ஒக்காந்துக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிக்குமே, ஏத்தா சுருளி, என்னைய நல்லா ஒளிச்சு வச்சன்னு. சாமி பழிவாங்குதோன்னு கூட ஒரு நெனப்பு வந்துச்சு, ஊருப் பொம்பளைகளுக்குக் கொறைச்சுப் போட்டதுக்குத்தான் எனக்குக் கொறையாக் குடுத்துருச்சோன்னு. சீ, சாமிக்கு வேற வேலையில்லையா, கருவாட்டுக் கூடை கூடையா எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்குமா. இருந்தாலும் இருக்கும். யாரையும் நம்ப முடியாது. மணி பதினொன்னரை. பன்னெண்டுக்கு மறுபடியும் பாலாடை. மறுபடியும் நாப்பது நிமிசம், மறுபடியும் கடுகு வேர்வை. சொன்னா உள்ள கொண்டுபோவாக. சொல்லாட்டி பாலாடை. சொன்னா என் நெஞ்சு காலி, முத்துராக்கு மாதிரி தூக்குவாளி. சொல்லாட்டி. சொல்லாட்டி என்ன. ஒரு நாளைக்குப் பால் கொறஞ்சா பிள்ளை செத்தா போகும். இந்த வாயி இருக்கே, இத வச்சு தேய்க்கணும் அம்மியில. ஒருவேள எம்மகளுக்கும் தெரியுமோ, நெஞ்சு மேலயே கெடக்குறா, உள்ள நான் நெனைக்கிறது அவளுக்குக் கேக்காதா, என் நெஞ்சு தடதடன்னு அடிக்கிறது அவ காதுக்கு நேராத்தான இருக்கு. அதனாலதான் இம்புட்டு அமைதியா இருக்காளோ. காலையிலருந்து ஒரு தடவ கூட மோந்து பாக்கல. நேத்தெல்லாம் மோந்து மோந்து எடம் தேடுவா. இன்னைக்கு வச்ச எடத்துலயே கெடக்குறா, சொன்ன பேச்சக் கேக்குற பிள்ளை மாதிரி. எம்மக எதுக்குச் சொன்ன பேச்சக் கேக்கணும்.

விடுதா. சூடு வந்துச்சு, போச்சு. இப்ப வரும். வரும். கங்காரு இளிக்குது. ரகமத்து மகன் கொட்டாவி விடுறான். வரும். வரல. நான் என் மூச்ச நிப்பாட்டிக்கிட்டுக் கேக்குறேன், எனக்கே மூச்சு முட்டுது, அவளுக்கு இன்னும் வரல. கொறமாசப் பிள்ளைக சில நேரம் மூச்சு விட மறந்துரும், பயப்படாத, உள்ளங்கால்ல சுண்டுன்னு சொல்லிக் குடுத்திருக்காக. மறக்குமாம். மூச்சு விடுறத மறக்குமாம், தூக்குவாளியா அது, மறக்குறதுக்கு. துணிக்குள்ள கையவிட்டு, காலுறையத் தள்ளி, பாதத்தத் தேடிப் பிடிச்சு சுண்டுனேன். ஒன்னு. ரெண்டு. நெத்திலி. ஏய் நெத்திலி. மூனு. காலு சுருங்குச்சு, ஒதடு நெளிஞ்சுச்சு, புஸ்ஸுன்னு ஒரு சூடு என் நெஞ்சுல பட்டுச்சு. விட்டுட்டா. விடுறா. எம்புட்டு நேரம் ஆச்சு, பத்து எண்ணியிருப்பேனா, இருவதா. ஒதட்டச் சுத்தி லேசா ஒரு நீலம், சட்டைத்துணியில சாயம் ஒட்டுன மாதிரி, இருக்கா, இல்ல என் கண்ணா. ரகமத்துவத் திரும்பிப் பாத்தேன். அவ கண்ணு பெருசா இருந்துச்சு. என் கையப் பாக்கல, துணியப் பாக்கல, எம்மக ஒதட்டப் பாத்தா. சிஸ்டரக் கூப்பிடவாக்கான்னா மெதுவா. நான் அதுக்கு ஏதாச்சும் கேலியாச் சொல்லணும்னு வாயத் தொறந்தேன், தொறந்த வாயிலருந்து, கூப்பிடு தாயின்னுதான் வந்துச்சு.

ஜெசிந்தா சிஸ்டரு ஓடியாரல, வேகமா நடந்து வந்தாங்க, அது ஓடுறத விடப் பயமா இருந்துச்சு. பிள்ளை கால்ல ஒரு கிளிப்ப மாட்டி, செவப்பு வெளிச்சத்தப் பாத்து, இப்ப பரவாயில்ல, எத்தனை தடவ இப்படி நின்னுச்சுன்னு கேட்டாங்க. ஒரு தடவன்னேன். எடைதான் நல்லா ஏறுதே, பால் குடிச்ச களைப்பா இருக்கும், பன்னெண்டு மணிப் பாலக் கொஞ்சம் நிதானமாக் குடுன்னு அவுக சொல்லச் சொல்ல எனக்குக் காதுல விழுந்தது ஒரே வார்த்தைதான், எடை. அந்த எடைய நம்பித்தான் இந்தம்மா திரும்பி நடக்கப் போறாங்க. இத்தனை நாளும் இவகளத்தான் நான் சந்தேகப்பட்டேன், இவக என்னைய நம்பிட்டாக. நம்பாம இருந்திருந்தா எம்மகளுக்கு நல்லது. சீலையப் பிடிச்ச மாதிரி அவுக கோட்டு நுனியப் பிடிச்சுட்டேன்.

"சிஸ்டர், அந்த முப்பது என்னோடது."

அவுகளுக்குப் புரியல. "என்னோடதுன்னா?"

"காலையில தொட்டிய அமுக்கிட்டேன். இந்த வெரல வச்சு. பிள்ளை ஏறல."

திட்டுவாகன்னு தோளக் குறுக்கிக்கிட்டேன். திட்டல. என் வெரலப் பாத்தாங்க, எம்மக மூஞ்சியப் பாத்தாங்க, மூஞ்சியில இருந்த சிரிப்பெல்லாம் வடிஞ்சு வேற ஒரு பொம்பளையா ஆயிட்டாங்க, அவுத்து விடு துணியன்னாங்க. தராசு கிட்டப் போனோம். தொட்டியில துணிய விரிச்சு, பொத்தான அமுக்கி, சைபரு. இந்தத் தடவ சைபர நான் பாக்கல. பிள்ளையப் போட்டாங்க. கையப் பின்னாடி கட்டுன்னு அவுக சொல்லல, நானே கட்டிக்கிட்டேன், ஒரு கையால இன்னொரு கையப் பிடிச்சு முதுகுக்குப் பின்னாடி, ரகமத்து எழுந்து வந்து பின்னாடி நிக்கிறா, அவ பாத்தாப் பாத்துக்கிறட்டும், இப்ப அவ பாக்குறதுதான் நல்லது. நம்பரு ஓடுச்சு. ஏறு ஏறுன்னு என் ஒடம்பே அமுக்குது, வெரலு இல்லாமயே அமுக்குறேன், காலு பெருவெரல ஊனி அமுக்குறேன். ஆயிரத்து நானூத்தி இருவத்தஞ்சு. நேத்தைக்குப் பதினஞ்சு கொறைவு. தராசுக் காலு ஆடுதுன்னு சொல்லலாமான்னு ஒரு எண்ணம் அப்பவும் வந்துச்சு பாரு, அந்த வெக்கங்கெட்ட எண்ணம். சிஸ்டரு சார்ட்டுல ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல புது நம்பர எழுதி, டாக்டரம்மாவக் கூப்பிடச் சொல்லி யாரையோ அனுப்புனாங்க. எங்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டாங்க.

"ஏன் சுருளி?"

ஆயிரம் பேருக்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கேன் சந்தையில, ஒரு பதிலுக்கு ரெண்டாத் தந்திருக்கேன். இதுக்கு, உள்ள போனா தர மாட்டீங்கன்னு நெனச்சேன்னு சொன்னேன். அவுக மூக்கு நுனிய மட்டும் ஒரு தடவ தேச்சுக்கிட்டாங்க.

குட்டி டாக்டரம்மா வந்துச்சு, இந்தத் தடவ பல்லு தெரியல, குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்துச்சு, எம்மக கத்துனா, கத்துறதப் பாத்து டாக்டரம்மா, நல்லாக் கத்துறா, நல்லதுன்னுச்சு. நான் அதையும் நம்பல, சும்மா என் வாய அடைக்கிறதுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன். கிருமியான்னு சாயங்காலம் தெரியுமாம், அதுவரைக்கும் மருந்து ஆரம்பிக்கணுமாம், குழாய மறுபடி போடணுமாம், உள்ள வைக்கணுமாம். ஜெசிந்தா சிஸ்டரு பிள்ளையத் துணியில பொதிஞ்சு தூக்கிட்டாங்க. கண்ணாடிக் கதவு வரைக்கும் நான் பின்னாலயே போனேன், நைட்டிய மூடக்கூட இல்ல, நெஞ்சுல அவ கெடந்த எடம் மட்டும் குளுருது, ஒரு உள்ளங்கை அளவு எடம். கதவுகிட்ட நின்னுட்டேன், பழக்கம், பதிமூனு நாளு நின்ன பழக்கம். நீ எங்க நிக்கிற, கைய முழங்கை வரைக்கும் கழுவிட்டு உள்ள வான்னாங்க. நெசமாவான்னு கேட்டேன். அவுக தண்ணிக் கொழாயத் தொறந்து விட்டாங்க. ஏன் விடுறாங்க, மோசமா இருந்தாத்தான் பெத்தவள உள்ள விடுவாகளோ, கடைசியாப் பாத்துக்கன்னு விடுறாகளோ, சோப்புப் போடப் போட இதே நெனப்பு, நகத்துக்கு அடியில கூடத் தேச்சேன், சுண்டுவெரலத் தனியா ரெண்டு தடவ. பெட்டி நம்பரு இப்ப பதினொன்னு. அதுல எம்மக மல்லாக்கக் கெடந்தா, குழாய் போட்டாச்சு, மூக்குல பிளாஸ்டரு, கையிக்கும் ஒரு ஊசி, கையும் காலும் காத்தத் தொழாவுது, எதையோ தேடுது, அகலமான எடத்துல போட்டா இப்படித்தான் பதறுமாம். பெட்டி பக்கத்துல ஒரு வட்டக் கதவு, அதத் தொறந்து, கைய உள்ள விடுன்னாங்க சிஸ்டரு. ஒரு கை தலையில, ஒரு கை மடக்குன கால்ல, கூடு மாதிரி வையி, தடவாத, தட்டாத, சும்மா வச்சிரு, கனத்த மட்டும் குடுக்காத, நெஞ்சு சின்னது. சொல்லிட்டு நகரல, பக்கத்துலயே நிக்கிறாங்க, என் கையப் பாத்துக்கிட்டு. பாக்கட்டும். நான்னாலும் பாப்பேன். வச்சேன். தலை என் உள்ளங்கைக்குள்ள அடங்கிப்போச்சு, வெதுவெதுன்னு, உச்சியில பச்சமண்ணு மாதிரி மெத்துன்னு ஒன்னு துடிக்குது. காலு ரெண்டும் ஒருதடவ ஒதைச்சுப் பாத்துட்டு, யாரோ இருக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டு, மடங்கிக்கிச்சு. மிஷினு டிக் டிக்குன்னு எதையோ சொல்லுது, அது சொல்றது நெசமான்னு எனக்குத் தெரியாது, எழுபத்தெட்டு வயசு ஆனாலும் எனக்கு அது தெரியப்போறதில்ல. சாயங்காலம் என்ன சொல்லப் போறாகளோ. கை மரத்துப்போகுது. எடுக்க மனசில்ல, ஊனவும் பயமா இருக்கு, தோள்லருந்து தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், என் கைக்கு இம்புட்டுக் கனம் இருக்கும்னு இத்தனை வருசத்துல எனக்குத் தெரியல. அமுக்குறேனா. இல்ல. நல்லாப் பாரு. அமுக்கல.